கன்டர்காரரும் ஒரு கடிதம் எழுதியிருந்தால்

வவுனியா வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“வயது 56. கனடாவில் 19 குளிர்காலம் டெலிவரி வான் ஓட்டினேன். மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குத் திரும்பி, இப்போது ஹயஸ் வான் ஒன்றில் விடிய 6 மணிக்கு 11 ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு மல்லாவிப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறேன். ஸ்னோவில் ஓட்டியவனுக்கு இந்தத் தைப் பனி ஒரு விஷயமே இல்லை. மற்றவர்களைத்தான் தாங்க முடியவில்லை. லைட் இல்லாத ட்ரக்டர், பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் மோட்டார் சைக்கிள், ஹை பீமை இறக்காத லொறி. போன கிழமை கனகராயன்குளம் தாண்டி ஒரு கன்டர் லொறி முகத்துக்கு நேரே ஹை பீம் அடித்தது. நானும் அடித்தேன். அடங்கவில்லை. வானைத் திருப்பிக்கொண்டு துரத்திப்போய், மறித்து, இறங்கி ஏசினேன். வானுக்குள் ஒரு ரீச்சர் அழுதுவிட்டார். இரண்டு பேர் வேறு வான் பார்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். கனடாவில் எனக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை. ஒரே ஒரு நாள், கூரையில் ஸ்னோவைத் தட்டாமல் வந்த காரிலிருந்து கட்டி ஒன்று பறந்து என் கண்ணாடியில் விழுந்தபோது வந்தது. அன்றைக்கு டெலிவரியும் பிந்தியிருந்தது. பிழை என்னிலா, ரோட்டிலா?”

தம்பி, எனக்கு 68 வயது. அதனால் தம்பி என்றே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். முப்பது வருடத்துக்குக் கிட்ட பஸ் ஓட்டிவிட்டு இப்போது இளம் பிள்ளைகளுக்கு வாகனம் ஓட்டப் பழக்குகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் முழுக்க உங்கள் பக்கம்தான் நின்றேன். லைட் இல்லாத ட்ரக்டர் பெட்டி ஒன்று பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைக்கிறபோது வயிறு எப்படிக் கலங்கும் என்று கண்டவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் தரம் வாசித்தபோது “வானைத் திருப்பிக்கொண்டு” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஏ9 வீதியில், மூடுபனியில், 11 பேரை வைத்துக்கொண்டு ஒரு ஹயஸைக் குறுக்கே போட்டுத் திருப்பியிருக்கிறீர்கள். திருப்பி முடிக்க எத்தனை செக்கன் எடுத்திருக்கும்? அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் ஒன்று அந்த இடத்துக்கு வந்திருந்தால், நான் இன்று வாசித்துக்கொண்டிருப்பது கடிதமாக இருந்திராது. உங்கள் கடிதத்தில் வருகிற எல்லா வாகனத்திலும் ஆகப் பயங்கரமானது அந்த நிமிடத்தில் உங்களுடையதுதான். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சரி, சொல்லிவிட்டேன்.

இனி பனிக்கு வருவோம். ஸ்னோவையும் பனி என்கிறோம், புல்லில் கிடக்கும் துளியையும் பனி என்கிறோம், விடிய வயலை மூடுகிற வெள்ளையையும் பனி என்கிறோம். நம்முடைய பழைய ஆறு பருவத்தில் முன்பனி, பின்பனி என்று இரண்டு பனியின் பேரில்தான் இருக்கின்றன. சொல் ஒன்றாக இருப்பதால் சங்கதியும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நான் ஒரு குளிர்காலம் மகள் வீட்டில், ஒன்ராறியோவில், இருந்துவிட்டு வந்தவன். மருமகன் ஓட்ட நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போவேன், தொழில் புத்தி விடாதே. அங்கே ஸ்னோ வரப்போகிறது என்று முதல்நாளே ரேடியோ சொல்கிறது. உப்புப் போடுகிற லொறி வருகிறது. நீல லைட் மின்ன ஸ்னோ தள்ளுகிற வாகனம் வருகிறது, அதன் பின்னால் எல்லோரும் பூனைக்குட்டி மாதிரிப் போகிறார்கள். கடுமையாக இருந்தால் ஸ்கூல் பஸ் ஓடாது. 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும் என்று, குளிர் வரும் முன்னமே மருமகன் டயரை மாற்றிவிட்டார். எல்லாவற்றையும் விட, தெரு வெள்ளையாகிவிடுகிறது. பயம் கண் முன்னால் கிடக்கிறது. ஊரே சேர்ந்து மெதுவாகிறது.

வன்னியில் தைப் பனிக்கு அறிவிப்புக் கிடையாது. மாரி மழை ஓய்ந்து, குளமெல்லாம் நிரம்பி, நிலம் ஊறிக் கிடக்கும். இரவில் வானம் வெளித்து, காற்றும் அடங்கினால் நிலத்துச் சூடு மேலே போய்விடும். ஈரக் காற்று அப்படியே தரையோடு குளிர்ந்து வெள்ளையாகக் கிடக்கும். அதுவும் ஒரே சீராகக் கிடக்காது. காடு உள்ள இடத்தில் ரோட்டு வடிவாகத் தெரியும். காடு முடிந்து வயல்வெளி தொடங்குகிற இடத்தில், குளக்கட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில், சுவர் மாதிரி நிற்கும். புகுந்து வெளியே வந்தால் மறுபடி வெளிச்சம். அதனால் யாருக்கும் பயம் வருவதில்லை. தார் கறுப்பாகத்தான் இருக்கிறது, டயர் வழுக்கவில்லை, பிறகென்ன என்று 70இல் போகிறார்கள். நீங்களும் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 6 மணிக்கு வவுனியாவில் வெளிக்கிட்டு, 60 கிலோமீற்றர் அளவில் ஓடி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆளை இறக்கி, ஏழரைக்கு முதல் முடிப்பதென்றால் வேறு வழியில்லை.

70இல் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் போகிறீர்கள். கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வையுங்கள். அதற்குள் 29 மீற்றர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் ஒரு 30 மீற்றர் வேண்டும். ஈரமென்றால் அதைவிடக் கூட. ஆக, 60 மீற்றருக்கு முன்னால் இருப்பதைக் காணாதவன் 70இல் போகக் கூடாது. 50இல் அதே கணக்கு 36 மீற்றர் அளவில் முடிந்துவிடும். பனிக்குள் மீற்றரை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். கரண்டுக் கம்பத்தை எண்ணுங்கள். ஒருநாள் பின்னேரம் இறங்கி, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு நடந்து எட்டு வைத்து அளந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அது உங்கள் அடிமட்டம். என்னிடம் பழக வருகிறவர்களை நான் நடக்கவிடுகிறேன். சிரித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். உங்களுக்குக் கோபம் வந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: “என்னைக் கண்டும் இப்படிச் செய்கிறானே.” வெளித்த பகலில் அது சரியாகக்கூட இருக்கலாம். பனிக்குள் அவன் உங்களைக் காணவே இல்லை. காணாதவன் எப்படி அவமதிப்பான்?

பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற மோட்டார் சைக்கிள்காரரை எடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் நீராவிப் புகார் படிந்திருக்கும். துடைத்தால் கை ஈரம், விட்டால் கண் இல்லை. அவருடைய லைட் இரண்டு கை விரித்த தூரத்துக்கு அப்பால் வெள்ளையைத் தவிர எதையும் காட்டாது. அந்த நேரம் உங்கள் வானின் இரண்டு சிவப்பு லைட்டும் அவருக்குக் கயிறு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நீங்கள் வேகத்தைக் கூட்டினால் கயிறு போய்விடுமே என்று அவரும் கூட்டுகிறார். துரத்துகிறான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. கனடாவில் ஸ்னோ அடிக்கும்போது முன்னால் போன வாகனத்தின் டயர்த் தடத்தில் நீங்களும் இப்படித்தானே போயிருப்பீர்கள்? அவருக்குப் பாடம் படிப்பிக்கத் திடீர் பிரேக் போடாதீர்கள். காலை மெல்ல இரண்டு தரம் பிரேக்கில் தொட்டு லைட்டை எரியவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வெளித்த இடம் வந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி விடுங்கள், போகட்டும். அவர் முன்னால் போனால் ரோட்டில் படுத்திருக்கிற மாடு முதலில் அவருக்குத்தானே தெரியவரும்.

மாடு என்றதும் நினைவு வருகிறது. வயல் ஈரமாகக் கிடக்கும் காலத்தில் மாடுகள் ரோட்டில் வந்து படுப்பதற்குக் காரணம், தார் காய்ந்தும் கதகதப்பாகவும் இருப்பதுதான். கறுப்பு மாடு கறுத்தத் தாரில் படுத்திருக்கும். அதன் மேல் கோபப்பட்டவரை நான் இன்னும் காணவில்லை. மாடு வேண்டுமென்று செய்யவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ட்ரக்டருக்கு என் சொந்தக் கதை ஒன்று. மீள்குடியேறிய புதிது, 2012 அளவில். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ரோட்டில், விசுவமடுவுக்குக் கிட்ட, விடியப் பஸ்ஸைக் கொண்டு போகிறேன். நல்ல மூட்டம். முன்னால் திடீரென்று ட்ரக்டர்ப் பெட்டி. பிரேக்கை ஏறி மிதித்து, நின்றிருந்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்து விழுந்து, ஒரு கை இடைவெளியில் நிறுத்தினேன். இறங்கிப் போய், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பெட்டியின் பின் பலகையில் ஒரு பையன், பத்து வயது இருக்கும், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். கையில் டோர்ச். டோர்ச்சின் முகத்தில் சிவப்பு ஷொப்பிங் பை ஒன்றைச் சுற்றி இறப்பர் வளையம் போட்டிருந்தது. உள்ளே பல்ப் பழுத்த மிளகாய் அளவுக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. “மாமா, பற்றறி இறங்கிட்டுது” என்றான். அவனை அங்கே இருத்தியது அவன் அப்பப்பா. ட்ரக்டரின் பின் லைட் எப்போதோ போய்விட்டது, மாற்றக் காசு இல்லை.

அந்தப் பெரியவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். பின் பலகையில் பிள்ளையை இருத்துவதா? ஆனால் லைட் போடாத திமிர் என்று நான் கத்தியது முழுப் பொய். அங்கே லைட் இருந்தது. என்னுடைய வேகத்துக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த கிழமை ஒட்டுகிற சிவப்பு ஒளிதெறிப்பு நாடா ஒரு சுருள் வாங்கி, அந்தப் பெட்டியின் பின் பலகையில் இரண்டு துண்டு ஒட்டிவிட்டேன். மீதியை பஸ்ஸிலேயே வைத்துக்கொண்டேன்.

இது ஏன் உங்களுக்கு என்றால், கனடாவில் கூரையிலிருந்து ஸ்னோக் கட்டியைப் பறக்கவிட்டவரை நீங்கள் மறுபடி காணப்போவதில்லை. ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் விடிய வருகிற ட்ரக்டர்கள் ஒவ்வொரு நாளும் அதே ட்ரக்டர்கள்தான். அதில் ஒன்றை ஓட்டுகிறவரின் பேரப்பிள்ளையை உங்கள் வானில் வருகிற ரீச்சர் படிப்பித்துக்கொண்டுகூட இருக்கலாம். ரோட்டில் மறித்துக் கதைக்க வேண்டாம். திரும்பி வரும்போது புளியங்குளத்தில் தேத்தண்ணிக் கடையில் கேட்டால், அது யாருடைய பெட்டி என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நாடாவைக் கொண்டு போங்கள். லைட் இருந்தும் போடாதவருக்கு ஏச்சையும் கொண்டு போங்கள், நான் தடுக்கவில்லை. உண்மையாகவே மற்றவர் உயிரோடு விளையாடுகிற பஸ்ஸோ லொறியோ என்றால், பக்கத்தில் இருக்கிற ரீச்சரிடம் இலக்கத்தை எழுதச் சொல்லி, வாகனத்தை நிறுத்திய பிறகு பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள்.

இனிக் கன்டர். இந்த இடத்தில்தான் நான் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடும்.

ஹயஸில் 11 பேர். பெரும்பாலும் எல்லோரும் உங்களுக்குப் பின்னால். அவர்களுடைய பை, சாப்பாட்டுப் பெட்டி, கொப்பிக் கட்டு. பின் பக்கம் பாரம் ஏற ஏற, வானின் மூக்கு நிமிரும். மூக்கு நிமிர்ந்தால் ஹெட்லைட்டும் நிமிரும். நீங்கள் டிம்மில்தான் போட்டிருப்பீர்கள், எதிரே வருகிறவருக்கு அது ஹை பீம். அதோடு, பழைய பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம், கண்ணில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அந்தக் கன்டர்காரர் முதலில் அடித்தது “டிம் பண்ணு” என்று கேட்கத்தான் என்று நான் சந்தேகப்படுகிறேன். உங்களுடையது இறங்கவில்லை, இறங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. திமிர் பிடித்த வான்காரன் என்று அவரும் ஹை பீமை இறக்காமலே விட்டுவிட்டார். நீங்கள் திருப்பி அடித்தீர்கள், அப்புறம் வானையே திருப்பினீர்கள். அவரும் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்வது சரியா பிழையா என்று பார்க்க ஒரு சுவர் போதும். இருட்டிய பிறகு, சமதரையில், சுவருக்கு 10 மீற்றர் இந்தப் பக்கம் வெறும் வானை நிறுத்தி, டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழுகிற இடத்தில் சுவரில் ஒரு கோடு. பிறகு பின் சீற்றில் ஆட்களை ஏற்றுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் நெல் மூட்டை வையுங்கள். இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் கிடக்கிற உயரம்தான் கன்டர்காரரின் கண்ணுக்குள் போனது. சில வான்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஹெட்லைட்டை இறக்குகிற சின்னச் சில்லு ஒன்று இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்காமலே வாகனத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். உங்களுடையதில் இல்லை என்றால் கராஜில் கொடுத்து லைட்டைத் தாழ்த்திப் பூட்டுங்கள்.

மறுபடி யாராவது ஹை பீம் அடித்தால் இடது பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் 19 வருடம் வலப்பக்கத்தில் ஓடியவர். அங்கே எதிர் வெளிச்சம் கூசினால் வலது ஓரத்தைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். பதறுகிற நேரம் பழைய பழக்கம்தான் முன்னால் வரும். இங்கே வலப்பக்கம் பார்த்தால் கன்டருக்கு நேரே போவீர்கள். நீங்கள் ஹை பீம் போடவும் வேண்டாம். பனி என்பது நீர்த்துளிதானே, வெளிச்சம் அதில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். நான்கு சிக்னலையும் மின்னவிட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். நீங்கள் திரும்பப்போகிறீர்களா, நிற்கிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்கு விளங்காது.

கண்ணாடி மங்கினால் விரலை வைத்துப் பாருங்கள். விரல் இழுத்த கோடு தெளிந்தால் புகார் உள்ளே. விடியத் தலைக்கு முழுகி ஈரத் தலையோடு ஏறுகிற ரீச்சர்மார் 11 பேர் மூச்சு விட்டால் வேறென்ன நடக்கும்? ஏசியைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்கு விடுங்கள். கோடு தெளியாவிட்டால் வெளியே படிந்திருக்கிறது. ஏசி குளிரில் கண்ணாடி சில்லிட்டதால் வெளி ஈரம் ஒட்டியிருக்கிறது. அப்போது காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு வைப்பரைப் போடுங்கள். இது தெரியாமல் உள்ளே துணியால் துடைத்துத் துடைத்து, அந்த எரிச்சலை முன்னால் போகிறவன் மேல் காட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, நீங்களே எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி: “அன்றைக்கு டெலிவரியும் பிந்தியிருந்தது.” 19 குளிர்காலத்தில் கோபம் வந்த ஒரே நாளும் பிந்திய நாள். இங்கே தைப் பனியில் நீங்கள் ஒவ்வொரு நாளும் பிந்துகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வரவுப் புத்தகத்தில் ஏழரைக்குச் சிவப்புக் கோடு விழும், அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் ரீச்சருக்கு முகம் வாடும், அந்த வாட்டம் உங்கள் முதுகுக்குப் பின்னால் 11 சீற்றில் இருந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்க்கும். அந்த நேரம் குறுக்கே வருகிற ட்ரக்டர் உங்கள் பத்து நிமிடத்தைத் திருடுகிறவனாகத் தெரிவான்.

உண்மையில் பத்து நிமிடம்தான். ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை பனி கிடக்கிற பகுதி 30 கிலோமீற்றர் என்று வையுங்கள். 70இல் 26 நிமிடம், 50இல் 36 நிமிடம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற சனம் நாங்கள், இப்போது பத்து நிமிடத்துக்கு அடிபடுகிறோம். மாசி முடியும் வரைக்கும் 5.45க்கு வான் வெளிக்கிடும் என்று சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார்கள். ரீச்சர்மாருக்கு விடியலில் அந்தப் பதினைந்து நிமிடம் எவ்வளவு பெரிசு என்று எனக்கும் தெரியும், என் மனைவியும் படிப்பித்தவர்தான். சமைத்து, பிள்ளைக்குத் தலை இழுத்து, சேலை கட்டி ஓடி வருகிறவர்கள். அதனால் உத்தரவாகச் சொல்லாமல், போன கிழமை நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அழுத ரீச்சரிடம் தனியாக.

வேறு வான் தேடுகிற இரண்டு பேரையும் மறிக்க வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை இருட்டியதும், சுவர் உள்ள ஏதாவது ஒரு வளவில் வானை நிறுத்தி, எல்லோரும் ஒரு பத்து நிமிடம் வந்து போங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பின் சீற்றில் பாரமாக இருக்க அவர்களே போதும். கோடு போடச் சோக்குக்கட்டிக்கும் நீங்கள் கடைக்குப் போகத் தேவையில்லை.